காரைக்குடியில் சட்டம் படிக்கிற பிள்ளைக்கு வளவு வீட்டைப் பாகம் பிரிக்கத் தெரியட்டும்

தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் சிவில் வழக்கு நடத்திப் பிழைக்கிறவன் நான். அதனால் இந்தப் பதிவில் கொஞ்சம் சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக்கு அரசு சட்டக் கல்லூரி 2022ல் வந்தது. இந்த ஊரில் கல்லூரி கல்லூரியாகக் கட்டிவைத்த வள்ளல் அழகப்பர் லண்டனில் படித்த பாரிஸ்டர். அவர் தொடங்கிய கலைக் கல்லூரிக்கு வயது 1947லிருந்து. பொறியியல், ஆசிரியர் பயிற்சி, பாலிடெக்னிக் எல்லாம் வரிசையாக வந்தன. பாரிஸ்டர் ஊரில் சட்டம் படிக்க மட்டும் 75 வருஷம் காத்திருந்தோம். அதுவரை மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ பெட்டி கட்ட வேண்டியிருந்தது. சரி, வந்துவிட்டது, சந்தோஷம். அங்கே சட்டத்தை எப்படிச் சொல்லித்தரப் போகிறோம் என்பதைப் பற்றித்தான் யாரும் பேசக் காணோம்.

நம் அரசு சட்டக் கல்லூரிகள் எல்லாம் சென்னையில் உள்ள டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு சீர்மிகு சட்டப்பள்ளி 2002லிருந்து இருக்கிறது. ஹானர்ஸ் பட்டம், மாதிரி நீதிமன்றப் போட்டி என்று அதற்கு ஒரு மவுசு. அந்த மவுசின் மூலம் பெங்களூரு. மாதவ மேனன் அங்கே தேசிய சட்டப் பள்ளியைத் தொடங்கி, ஐந்தாண்டுப் படிப்பை நடத்திக் காட்டிய பிறகு நாடே அந்த அச்சில்தான் வார்க்கிறது. நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. கோனார் நோட்ஸ் பாணியில் மனப்பாடம் செய்து பாஸான காலம் போய், தீர்ப்பை முழுதாக வாசிக்கப் பிள்ளைகள் பழகினார்கள். ஆனால் அந்தப் பள்ளிகளின் கண் கார்ப்பரேட் கம்பெனி மீதும் டெல்லி மீதும் இருக்கிறது. அங்கே படித்த பிள்ளை முன்சீப் கோர்ட்டுக்குத் திரும்பி வருவது அபூர்வம். பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. சீனியர் கொடுக்கிற காசு பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும்.

காரைக்குடிக் கல்லூரி அந்த அச்சின் குட்டி நகலாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஏனென்றால் வேறெந்தச் சட்டக் கல்லூரிக்கும் இல்லாத பாடப்புத்தகம் இதற்கு வாசலிலேயே கிடக்கிறது. நம் வீடுகளைச் சொல்கிறேன்.

நடுவில் முற்றமும் அதைச் சுற்றி அறைகளுமாக உள்ள ஒரு சாதாரண வளவு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளுத்தாத்தா பர்மா பணத்தில் கட்டியது. முகப்பு எல்லோருக்கும் பொது, வளவில் உள்ள அறைகள் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்று. இன்றைக்குப் பங்காளிகள் முப்பது பேருக்குக் குறையாது. ஒருத்தர் மலேசியா, ஒருத்தர் சென்னை, ஒருத்தர் இருக்கும் இடமே தெரியாது. 1985ல் கட்டிக்கொடுத்த ஒரு மகளுக்குப் பங்கு உண்டா? இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பங்கு தந்த 1989ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம், அந்த வருஷம் மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களை வெளியே நிறுத்தியது. 2005ல் மத்தியத் திருத்தம் அந்த வேலியை எடுத்தது. 2020ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்த அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பத்திரம் பதிந்து பாகம் பிரித்திருந்தால் கதை மறுபடி மாறும். இந்த ஒரு ஆச்சியின் பங்கைச் சரியாகச் சொல்லவே ஒரு மாணவர் மூன்று சட்டங்களைப் புரட்ட வேண்டும்.

இன்னும் முடியவில்லை. பங்காளி ஒருத்தர் கோபத்தில் தன் பங்கை ஹோட்டல்காரருக்கு விற்றுவிட்டார் என்று வைப்போம். சொத்து மாற்றச் சட்டம் 44வது பிரிவின்படி, குடும்பத்துக்கு அந்நியரான அவர் வாங்கிய கையோடு வந்து முகப்பில் உட்கார முடியாது. பாகம் கேட்டு அவர் வழக்குப் போட்டால், 1893ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் 4வது பிரிவு, கோர்ட் போடும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள வழி விடுகிறது. அவர் வழக்கே போடாமல் பிரதிவாதியாகச் சும்மா இருந்தால்? உயர் நீதிமன்றங்களே ஆளுக்கொரு பக்கம் நின்ற கேள்வி அது. மாதிரி நீதிமன்றத்தில் விண்வெளிச் சட்டம் வாதாடுகிற பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவையான பிரச்சினை எங்கே கிடைக்கும்?

அப்புறம் மலேசியாக்காரர் அனுப்பும் பவர் பத்திரம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இது தெரியாமல் ஆறாவது மாதம் கவரைப் பிரித்து நீட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்தச் சிக்கல்கள் தீராததால்தான் வீடுகள் விழுகின்றன. செட்டிநாட்டு ஊர்களின் பெயர் 2014லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. இங்கே ஓடு மாற்றக்கூடப் பங்காளிகள் ஒத்துவராமல் மழை உள்ளே இறங்குகிறது, தேக்குத் தூண் பழம்பொருள் கடைக்குப் போகிறது. வக்கீல்களான எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வாங்குவதற்குள் ஒரு தலைமுறை போய்விடுகிறது, சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணைக்கு இறந்தவர்களின் வாரிசுகளைச் சேர்ப்பதிலேயே அடுத்த தலைமுறையும் போகிறது.

கல்லூரி இதையெல்லாம் செய்ய விதியில் இடம் இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் நான்கு செயல்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆவணம் எழுதுவது அதில் ஒரு தாள், சமரசம் ஒரு தாள். மாதிரி நீதிமன்றத் தாளில் வாதத்துக்கு 30 மதிப்பெண், ஒரு சிவில் ஒரு கிரிமினல் விசாரணையை உட்கார்ந்து பார்ப்பதற்கு 30, கட்சிக்காரரிடம் விவரம் கேட்பது, டைரி எழுதுவது ஆகியவற்றுக்கு 30, மீதி 10 வாய்மொழித் தேர்வுக்கு. ஐந்தாண்டு மாணவருக்குக் குறைந்தது 20 வாரப் பயிற்சி. காகிதத்தில் எல்லாம் அருமை. நடப்பது என்ன? முதல் நாள் ஆபீசுக்கு வந்து செல்ஃபி எடுக்கிறார்கள், கடைசி நாள் சான்றிதழுக்கு வருகிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற எங்கள் கூட்டத்தையும் சேர்த்தே திட்டுங்கள்.

வட்டித்தொழில் செய்த நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், தொழில் பழக்கிய விதம் நினைவுக்கு வருகிறது. கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, பேரேடு என்கிற கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஏஜெண்டுக்கு உதவியாளரான அடுத்தாளாகி, அதற்கப்புறம்தான் ஏஜெண்ட். சட்டக் கல்லூரியில் நாம் பையனை நேராக ஏஜெண்டாக உட்காரவைத்துவிட்டு, பேரேடு வாசிக்கத் தெரியவில்லையே என்கிறோம்.

பேரேடு என்றதும் இன்னொன்று. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மேற்படி என்பதற்கு ௸ என்று ஒரு குறி வரும், பங்கை வீசம் (பதினாறில் ஒன்று), அரைக்கால் (எட்டில் ஒன்று) என்று எழுதியிருப்பார்கள், தேதிக்குத் தமிழ் வருஷம். ஆங்கிலத்தில் நன்றாக வாதாடும் ஜூனியர்கள் இந்தத் தாளைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். கீழ்க்கோர்ட்டில் சாட்சி தமிழில்தான் பேசுவார், பத்திரமும் தமிழ்தான். சிவில் நீதிபதித் தேர்விலேயே மொழிபெயர்ப்புக்குத் தனித் தாள் இருக்கிறது.

“அண்ணே, எல்லாப் பிள்ளையும் பாகப்பிரிவினை கேஸ் பார்க்கவா படிக்குது? ஐ.டி. கம்பெனி வேலைக்குப் போறவன் இல்லையா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். போகட்டுமே. முப்பது பங்காளிகளை ஒரு வம்ச விளக்கப்படத்தில் பிழையில்லாமல் அடக்கத் தெரிந்தவன் கம்பெனி ஒப்பந்தத்தைப் பார்த்து மலைக்கமாட்டான்.

ஆசிரியர் யார் என்ற கேள்வி நியாயமானது. முழுநேரச் சட்டப் பேராசிரியர் கோர்ட்டில் தொழில் செய்ய முடியாது. ஆனால் தொழில் செய்யும் வக்கீல் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை வகுப்பெடுக்க வக்கீல்கள் சட்டம் கற்பிப்பது பற்றிய 1979ஆம் வருஷத்து விதியே அனுமதிக்கிறது. தேவகோட்டை, காரைக்குடி, சிவகங்கை வக்கீல் சங்கங்களில் நாற்பது வருஷ அனுபவம் உள்ளவர்கள் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாரம் ஒரு நாள், வட்டச் சட்டப் பணிகள் குழுவோடு சேர்ந்து, கல்லூரி ஒரு மேசை போடட்டும். இலவசச் சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, பெரிய வீட்டு ஆச்சியும் தகரப்பெட்டியோடு வரலாம். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பெட்டியைப் பிரித்து, பத்திரங்களைத் தேதிவாரியாக அடுக்கி, வம்ச விளக்கப்படம் போட்டுத் தரட்டும். ஆலோசனையை வக்கீல் சொல்லட்டும்.

என்னிடம் முடிந்துபோன பாகப்பிரிவினைக் கட்டுகள் அலமாரி நிறைய இருக்கின்றன. கட்சிக்காரர்களிடம் சம்மதம் வாங்கி, பெயர்களை மறைத்து, வகுப்புக்குத் தரத் தயார். கல்லூரிப் பக்கம் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். சனிக்கிழமை மதியம் எனக்கு வசதி.