டீசல் அடிச்சு மினுக்கினால் அது துப்புரவோ?

கண்டறியாத மினுக்கம்! பொனட்டைத் திறந்தால் எஞ்சின் கறுகறுவெண்டு பளபளக்க வேணும் எண்டு மண்ணெண்ணெயையும் டீசலையும் தெளிச்சுத் தள்ளுகினம். எஞ்சினை ஆத்திற கூலன்ற் ஓடுற ரேடியேற்றர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் எண்ட வகை ரப்பர். அதுக்கு எண்ணெயே ஆகாது. ஊதும், மெதுமெதுவெண்டு போகும், பிறகு கிளிப் இறுக்கின இடத்தால கூலன்ற் கசியும். பெல்ட்டில பட்டால் வழுக்கிக் கத்தும். சூடான எக்ஸோஸ்ற்றில பட்டால் நெருப்பே பிடிக்கும்.

அதோட இது வன்னி. ஏ9 ஐ விட்டு உள்ளுக்கு இறங்கினால் கிறவல் ஒழுங்கை, சோளகம் அடிச்சால் செம்புழுதி. டீசல் பூசின எஞ்சினில அந்தப் புழுதி அப்பிப் பிடிக்கும். ரெண்டு கிழமையில முந்தியதை விட ஊத்தை!

பிறகு பிறஸர் கன். 100 பாருக்கு மேல வாற தண்ணியைக் கிட்டப் பிடிச்சு அடிச்சால் ரேடியேற்றர் தகடுகள் மடங்கும், காத்துப் போகாது, எஞ்சின் சூடேறும். ஸ்பார்க் பிளக் இருக்கிற குழிக்குள்ள தண்ணி நிண்டால் கார் மிஸ் அடிக்கும், எஞ்சின் லைற் எரியும். உடனே பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற ‘கொயில் பழுதாப் போட்டுது’ எண்டு புதுசு வாங்கப் போறது! குழியைக் காய வைச்சுப் பாத்தீங்களோ முதல்ல? கனெக்டருக்குள்ள போன தண்ணி இன்னும் மோசம், மாதக்கணக்கில பச்சை பிடிச்சுத்தான் வேலையைக் காட்டும். டொயோட்டா அக்குவா மாதிரி ஹைபிரிட் காரில இன்வேர்ட்டர் 520 வோல்ற் வரை ஏத்தும். அந்த வோல்ற் போற செம்மஞ்சள் கேபிள் ஓடுற பக்கம் தண்ணியே கொண்டு போகாதேங்கோ, ஈரத்துணியும் வேண்டாம்.

வீட்டில செய்யிறதுக்கு இவ்வளவு அழிவு தேவையே இல்லை. எஞ்சின் கை வைக்கிற அளவுக்கு ஆறட்டும், வெயில் ஏற முதல் தொடங்குங்கோ. சாதாரணக் கார் எண்டால் பற்றரியின்ர மைனஸைக் கழட்டுங்கோ, 10 மில்லிமீற்றர் ஸ்பனர் காணும். முதல்ல காய்ஞ்ச புழுதியை 2 அங்குல பெயின்ற் பிரஸால தட்டுங்கோ. வைப்பருக்குக் கீழ கிடக்கிற வேப்பஞ்சருகையும் அள்ளுங்கோ, தண்ணி வடியிற ஓட்டையை அதுதான் அடைக்கிறது. பாதி ஊத்தை இதிலயே போயிடும். ஒல்டனேற்றர், பியூஸ் பெட்டி, கொயில், காத்து இழுக்கிற வாய் எல்லாத்தையும் சொப்பின் பையால மூடிக் கட்டுங்கோ. தண்ணியில கரையிற டிகிரீசரை, அதாவது எண்ணெய் போக்கிற மருந்தை, எண்ணெய் படிஞ்ச இடத்துக்கு மட்டும் அடிச்சு, 3 தொடக்கம் 5 நிமிசம் விட்டு, காய முதல் பிரஸால தேய்ச்சு ஈரத்துணியால துடையுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட, ஊத்திவிட்டுக் காய விட்டால் வெள்ளைப் படைதான் மிஞ்சும். பையளைக் கழட்டி, பொனட்டை ஒரு மணித்தியாலம் திறந்து விட்டுட்டு, கழட்டின மைனஸைப் பூட்டி ஸ்ராட் பண்ணுங்கோ.

எனக்குப் பத்தி எரியிறது இன்னொண்டு. எஞ்சின் மேல்மூடிக்குக் கீழ இருக்கிற வால்வ் கவர் கஸ்கற் கசிஞ்சால் துப்புரவான எஞ்சினில ரெண்டு நாளில ஒயில் கோடு தெரியும். டீசல் அடிச்ச எஞ்சினில எல்லாமே எண்ணெய், கசிவு எங்க எண்டே தெரியாது. விக்கிறதுக்கு முதல் டீசல் அடிக்கிறதே அதுக்குத்தான். பழைய கார் பாக்கப் போறவை, மினுங்கிற எஞ்சினில விரலை வைச்சுப் பாருங்கோ. பிசுபிசுத்தால் காசைக் குடுக்காதேங்கோ, துடைச்சு நாலு நாள் ஓடிக் காட்டச் சொல்லுங்கோ.