சிமா சியெனின் ஓரவஞ்சனை

வரலாறு எழுதுபவர் விருப்பு வெறுப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பவர்களுக்குச் சீனத்தின் சிமா சியென் பெரிய தலைவலி. 130 அத்தியாயங்கள் கொண்ட அவருடைய ‘ஷிஜி’ என்ற வரலாற்று நூலில் கோபமும் ஏக்கமும் ஒளிவுமறைவின்றிக் கிடக்கின்றன. எனக்கு அதனால்தான் அவர்மீது நம்பிக்கை.

கி.மு. 99இல் தளபதி லி லிங் 5,000 காலாட்படையினரோடு போய், வடக்கு எல்லையின் நாடோடி எதிரிகளான சியோங்னுக்களிடம் சிக்கிச் சரணடைந்தார். அரசவையே அவரைத் தூற்றியபோது சிமா சியென் மட்டும் அவருக்காகப் பரிந்து பேசினார். பேரரசர் வூவுக்குக் கடும் சினம்; சிமா சியெனுக்கே தண்டனை விதித்தார். பணம் கட்டினால் தண்டனையிலிருந்து மீளலாம். வீட்டில் பணம் இல்லை, நண்பர் ஒருவரும் உதவவில்லை. ரென் ஆன் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். தந்தை ஒப்படைத்துவிட்டுப் போன நூலை முடிப்பதற்காக, ஆண்மை நீக்கத் தண்டனையை ஏற்று உயிரோடு இருந்தார்.

இதைத் தெரிந்துகொண்டு, அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன் வாழ்ந்த அமைச்சர் யான் யிங்கின் வரலாற்றை ‘ஷிஜி’யில் படியுங்கள். எத்தனையோ அரசியல் சாதனைகள் செய்தவர் அவர். சிமா சியென் தேர்ந்தெடுத்து எழுதுவதோ, வழியில் கண்ட ஒரு கைதியைத் தன் தேர்க்குதிரையைக் கொடுத்து யான் யிங் மீட்ட கதையை! முடிவில், அவர் இன்று உயிரோடு இருந்தால் அவருக்குத் தேரோட்டியாகச் சாட்டை பிடிக்கவும் மகிழ்வேன் என்கிறார். தன்னை மீட்க யாரும் வராதவர் எழுதிய வரி அது.

லி லிங்கின் பாட்டனார் லி குவாங்கின் வரலாறு இன்னும் உருக்கமானது. வீரர்கள் குடிக்கும்வரை தண்ணீரைத் தொடாத தளபதி; பிரபுப் பட்டம் கிடைக்காமலே தற்கொலை செய்துகொண்டவர். ஆனால் அதே லி குவாங், சரணடைந்த 800க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும், இரவில் தன்னைத் தடுத்து நிறுத்திய அதிகாரியைப் பின்னாளில் பழிவாங்கித் தலை வெட்டியதும் அந்த அத்தியாயத்திலேயே இருக்கின்றன. அன்பு வைத்தவரின் கறையைத் துடைக்க சிமா சியெனுக்கு மனம் வரவில்லை.

பிடிக்காதவர்களிடம் அவர் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. சியோங்னுக்களை உண்மையிலேயே முறியடித்த தளபதி வெய் சிங்கின் வரலாறு அரசாணைகளின் அடுக்காகவே வறண்டு கிடக்கிறது. பணிவால் பேரரசரின் தயவைப் பெற்றார், ஆனால் நாட்டில் எவரும் அவரைப் புகழவில்லை என்று ஒரு குத்து வேறு. இது அநியாயம் என்றே சொல்வேன். இருந்தாலும் வெய் சிங் பிடித்த கைதிகளின் எண்ணிக்கையும் பெற்ற பட்டங்களும் அங்கே வரிசையாக இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டுதான் நான் சிமா சியெனோடு சண்டை போடுகிறேன்.