வாடகை வீட்டுக் குளிருக்கு யார் காசு கட்டுவது?

லண்டனில் வீடு வைத்து வாடகைக்கு விடும் எங்கள் ஆட்கள் கொஞ்சக் காலமாக ஒரே விஷயத்தைத்தான் கதைக்கிறார்கள். வாடகை வீடுகள் எல்லாம் 2030க்குள் ஈபிசி (EPC) என்கிற எரிசக்திச் சான்றிதழில் ‘சி’ தரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அரசாங்கம் சொல்கிறது. இது அநியாயம், ஒன்றிரண்டு வீடு வைத்திருக்கிறவர்களை அழிக்கிற வேலை, இருக்கிறதை விற்றுப்போட்டுப் போவதுதான் வழி என்று கலியாண வீட்டுப் பந்தியிலிருந்து வாட்ஸ்அப் குழு வரைக்கும் இதே பேச்சு.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சட்டம் வரத்தான் வேண்டும். சொல்லப்போனால் மிகவும் பிந்தி வருகிறது. ஏன் என்று விளக்கமாக எழுதுகிறேன். வீடு வைத்திருப்பவர்களும் கோபப்படாமல் கடைசி வரை வாசியுங்கள்.

ஈபிசி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒரு வீடு சூட்டை எவ்வளவு பிடித்து வைத்திருக்கும், அதைச் சூடாக்க எவ்வளவு செலவாகும் என்று சொல்கிற சான்றிதழ் அது. ஏ முதல் ஜி வரை ஏழு தரம். 92 புள்ளியும் அதற்கு மேலும் என்றால் ஏ. 69 முதல் 80 வரை சி. 55 முதல் 68 வரை டி. 20க்கு மேல் போகாவிட்டால் ஜி. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கொண்டுவந்த விதியை ஒட்டி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007இல் தொடங்கினார்கள். முதலில் விற்கிற வீடுகளுக்கு, பிறகு 2008 ஒக்டோபரிலிருந்து வாடகை வீடுகளுக்கும். ஒருமுறை எடுத்தால் பத்து வருடம் செல்லும். விளம்பரத்தில் தரத்தைப் போட வேண்டும், வாடகைக்கு வருபவரிடம் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். அரசாங்க இணையத்தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் யாரும் யாருடைய வீட்டின் ஈபிசியையும் பார்க்கலாம்.

பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. கார் வாங்கப் போனால் கலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்று கேட்காமல் திரும்பி வருவதில்லை. வீடு பார்க்கப் போனால் ஸ்டேஷன் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எப்படி, குசினி பெரிதா, கோயில் கிட்டவா என்று எல்லாம் கேட்கிறோம். இந்த வீட்டைச் சூடாக்க மாதம் எவ்வளவு போகும் என்று மட்டும் கேட்பதில்லை. ஏஜென்ற் அனுப்பும் ஈமெயிலில் காஸ் பாதுகாப்புச் சான்றிதழோடு சேர்ந்து ஈபிசியும் வரும். அதை யாரும் திறப்பதில்லை.

ஒருமுறை திறந்து பாருங்கள். லண்டனில் ஈஸ்ற்ஹாமிலோ டூட்டிங்கிலோ நூறு வருடத்துக்கு முந்தைய வரிசை வீடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மேலே வர்ணப் பட்டையும் எழுத்தும் இருக்கும். அதைத் தாண்டிக் கீழே வாருங்கள். சுவர், கூரை, ஜன்னல், ஹீற்றிங், சுடுதண்ணீர், லைற் என்று ஒரு அட்டவணை. சுவருக்கு நேரே ‘முழுச் செங்கல், கட்டியபடியே, இன்சுலேஷன் இல்லை, அனுமானம்’ என்று போட்டிருக்கும். மதிப்பீடு ‘மிக மோசம்’. சூடு வெளியே போகாமல் தடுக்கப் போடும் அடுக்குத்தான் இன்சுலேஷன். கூரைக்கு நேரே ‘லொஃப்ற் இன்சுலேஷன் 100 மில்லிமீற்றர்’, அதாவது கூரைக்கு அடியில் உள்ள வெளியில் விரித்திருக்கும் தடிப்பு. இன்றைக்கு இங்கே பரிந்துரைக்கிற அளவு 270 மில்லிமீற்றர். அதற்கும் கீழே, என்னென்ன செய்தால் தரம் எவ்வளவு ஏறும், தோராயமாக என்ன செலவாகும், வருடத்துக்கு எவ்வளவு மிச்சப்படும் என்று வரிசையாக இருக்கும். அந்த வீட்டின் வருத்தமும் மருந்தும் ஒரே தாளில் கிடக்கின்றன. அந்தத் தாள் வீட்டுக்காரரின் கையிலும் இருக்கிறது.

முழுச் செங்கல் என்றால் நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் சுவர். பிற்காலத்து வீடுகளில் இரண்டு செங்கல் அடுக்குக்கு நடுவே ஒரு வெளி இருக்கும். துளை போட்டு அதற்குள் இன்சுலேஷனை நிரப்பிவிடலாம், பெரிய செலவில்லை. பழைய வீட்டில் அந்த வெளி கிடையாது, உள்ளே போடும் சூடு நேரே தெருவுக்குப் போகும். இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீடு 1919க்கு முன் கட்டியது. எங்கள் சனம் முதலில் வந்து இறங்கிய தெருக்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட வீடுகள்தான்.

போன குளிர்காலம் ஊரிலிருந்து படிக்க வந்த ஒரு பிள்ளை தன் அறையைப் பார்க்கக் கூப்பிட்டாள். வெளிச்சுவரோடு அலுமாரி. அதை இருவரும் சேர்ந்து இழுத்தோம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி, சில இடத்தில் பெயின்ற் கொப்பளித்து உரிந்திருந்தது. அலுமாரியின் அடித்தட்டில் அவள் அம்மா வாங்கிக் கொடுத்து அனுப்பிய தோல் செருப்பு. அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பஞ்சு மாதிரிப் படர்ந்திருந்தது. வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். சமைக்கும்போது ஜன்னலைத் திற, உடுப்பை உள்ளே காயப்போடாதே என்று பதில் வந்திருக்கிறது. அவள் சொன்னபடி செய்தாள். ஜனவரி மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தாள், பிறகு குளிர் தாங்காமல் ஹீற்றரைப் போட்டாள், மீற்றர் ஓடியது, சுவர் அப்படியே ஈரமாக இருந்தது.

போஸ்ட்கோடைப் போட்டுப் பார்த்தோம். ‘ஈ’ தரம். சுவரில் இன்சுலேஷன் இல்லை. சூடான காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டால் தண்ணீராகும், அலுமாரிக்குப் பின்னால் காற்று அசையாததால் அது காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அவள் வைத்த ஒரு சுண்டு அரிசிக்கும் அந்தச் சுவரின் குளிருக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பழிபோடுதல் எனக்கு எப்போதுமே நெஞ்சில் குத்துகிறது. 2020 டிசெம்பரில் றொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் இருந்த பூஞ்சணத்தை நீண்ட நாள் சுவாசித்ததால் வந்த சுவாச நோய்தான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டிருந்தார்கள். அவர்களின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று தாங்களாகவே எண்ணிக்கொண்டதை, அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுச் சங்கம் பிறகு ஒப்புக்கொண்டது. சூடானிலிருந்து வந்த குடும்பம் அது. இட்லி அவிக்கிற, கறி வைக்கிற, வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்கிற எந்தக் குடும்பத்துக்கும் அந்தப் பதில் கிடைத்திருக்கும். ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லி அந்தக் குழந்தையின் பேரில் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல், கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடும் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. தனியார் வாடகை வீடுகளுக்கும் அதை நீட்டச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள்.

சரி, ஈபிசிக்கு வருவோம். வாடகை வீட்டில் அடிப்படைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. சுவருக்கு இன்சுலேஷன் போடுவதா இல்லையா என்று முடிவெடுப்பவர் வீட்டுக்காரர். பில் கட்டுபவர் குடியிருப்பவர். முடிவெடுப்பவருக்கு அந்தக் குளிர் தெரியாது, குளிரில் இருப்பவருக்குச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கிடையாது. வாடகையோ இடத்தைப் பார்த்துத்தான் ஏறுகிறது. ஒரே தெருவில் சி தர வீட்டுக்கும் ஈ தர வீட்டுக்கும் வாடகை அநேகமாக ஒன்றுதான். சந்தை தானாக இதைச் சரிசெய்யாது. அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்.

ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் எஃப், ஜி தர வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஆட்கள் இருக்கும் வீடுகளுக்கும் அதே விதி. மீறினால் 5,000 பவுண் வரை தண்டம். ஆனால் வீட்டுக்காரர் செலவழிக்க வேண்டிய உச்ச அளவு 3,500 பவுண்தான். அதற்குள் ஈ தரத்துக்குக் கொண்டுவர முடியாவிட்டால் முடிந்ததைச் செய்து, விலக்குப் பதிவு செய்துகொண்டு, ஐந்து வருடத்துக்குத் தொடர்ந்து வாடகைக்கு விடலாம். அமுல்படுத்துவது கவுன்சிலின் பொறுப்பு. கவுன்சில்களிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை. சி தரம் என்ற யோசனையும் புதிதில்லை. 2025, 2028 என்று முந்தைய அரசாங்கமே நாள் குறித்து யோசனை வைத்து, 2023 செப்டெம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அதைக் கைவிட்டார். அதற்கு முந்தைய குளிர்காலம்தான் சாதாரண வீடு ஒன்றுக்குக் கணக்கிடும் வருடக் காஸ், மின்சார பில்லின் உச்சவரம்பு 3,549 பவுணுக்குப் போய், அரசாங்கம் தலையிட்டு 2,500இல் நிறுத்தியது. 2021 ஒக்டோபரில் அது 1,277ஆக இருந்தது. விலை ஏறிய அந்தக் குளிர்காலம் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் ஜக்கெற்றோடு இருந்து வீட்டுப்பாடம் செய்தார்கள் என்பது எங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும்.

ஈபிசியில் குறை இல்லையா? நிறைய இருக்கிறது. எடுக்க வருகிறவர் சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை. வீடு கட்டிய காலத்தை வைத்து அனுமானம் போடுகிறார். ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் இரண்டு புள்ளி கொடுப்பதும் நடக்கிறது. பெரிய எழுத்தில் வரும் தரம் செலவை வைத்துக் கணக்கிடப்படுவது. மின்சாரம் காஸை விட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை என்பதால், நல்ல இன்சுலேஷன் உள்ள மின்சார ஹீற்றர் ஃபிளாற் கீழே போகும், காஸ் பொயிலர் உள்ள ஓட்டை வீடு அதை விட மேலே நிற்கும். பத்து வருடம் செல்லும் தாள் என்பதால், 2019இல் எடுத்த ஈபிசியில் உள்ள செலவுக் கணக்கை இன்றைக்கு நம்ப முடியாது. ஈரம், பூஞ்சணம் பற்றி அது எதுவும் அளப்பதில்லை.

இவற்றை விட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. பலர் பகிர்ந்து இருக்கும் வீட்டில் ஒரு அறையை மட்டும் வாடகைக்கு எடுப்பவருக்கு அந்த அறைக்கென ஈபிசி காட்ட வேண்டிய கட்டாயம் நீண்ட காலமாக இருந்ததில்லை. படிக்க வரும் பிள்ளைகளும், பராமரிப்பு வேலைக்கு வருபவர்களும், புதிதாக அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களும் எங்கே இருக்கிறார்கள்? அறைகளில்தான். மிகவும் தேவைப்படுபவர்களைச் சட்டம் வெளியே நிறுத்தி வைத்திருந்தது. முழு வீட்டையும் அண்மையில் விற்றோ வாடகைக்கு விட்டோ இருந்தால் அதன் ஈபிசி இணையத்தளத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

குறை இருக்கிறது என்று சொல்பவர்கள் குறையைத் திருத்தச் சொல்லட்டும். சுவரின் தரத்தைத் தனியாகவும் செலவைத் தனியாகவும் காட்டுவதாக அரசாங்கம் திட்டம் வைத்திருக்கிறது, நல்லது. ஆனால் குறையைக் காட்டி ஒன்றுமே செய்யாமல் இருக்கப் பார்ப்பதை ஏற்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை சொன்னார்: “தங்கச்சி, நாங்கள் வந்த காலத்தில ஒரு அறையில ஆறு பேர், ஹீற்றரும் போடாமல்தான் இருந்தனாங்கள். இப்ப வாறவைக்கு எல்லாம் வேணும்.” அவர் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்து, ஊரில் இருந்த சகோதரங்களைக் கூப்பிட்டு, பிறகு சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கிய வீடு அது. இலகுவாக வந்த சொத்து இல்லை. வட்டி ஏறியதும் உண்மை. 2017இல் தொடங்கிப் படிப்படியாக 2020இல் முழுதாக வந்த வரி மாற்றத்தால் மோட்கேஜ் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்க முடியாமல் போனதும் உண்மை. நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் அண்ணை, அந்த வீட்டின் விலை ஏறியபோது அந்த லாபம் உங்களுக்கு. லொஃப்றில் இன்சுலேஷன் போட்டால் ஏறும் மதிப்பும் உங்களுக்கு. அந்த வீட்டில் இருந்தபடி குளிருக்குக் காசு கட்டியவர்களுக்குக் கையில் எதுவும் மிஞ்சப் போவதில்லை. உங்களுக்கு வாடகை கட்டுபவர் நீங்கள் அன்றைக்கு இருந்த இடத்தில் இன்றைக்கு இருப்பவர். அவரும் இரவு வேலைதான் செய்கிறார், அவரும் ஊருக்குக் காசு அனுப்புகிறார். வெறும் காஸ் பில்லில் அவருடைய உழைப்புப் போக வேண்டுமா?

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. இன்சுலேஷன் போன்ற வேலைகளுக்கு 2027 மார்ச் முடியும் வரை வற் (VAT) வரி இல்லை. வெளியே உள்ள சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீற் பம்ப் போட்டால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண் உதவி இருக்கிறது, வாடகை வீட்டுக்காரரும் கேட்கலாம். முதலில் லொஃப்றைப் பாருங்கள், செலவு குறைவு, பலன் அதிகம். ஏற்கெனவே வேலை செய்திருந்தால் பில்லையும் வேலை நடக்கும்போது எடுத்த படங்களையும் வைத்திருங்கள். ஈபிசி எடுக்க வருகிறவரிடம் ஆதாரம் காட்டாவிட்டால் நீங்கள் போட்ட இன்சுலேஷனைக் கணக்கில் எடுக்க மாட்டார், ‘இல்லை, அனுமானம்’ என்று எழுதிவிட்டுப் போவார். இன்சுலேஷன் போடும்போது காற்றோட்டத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு வேறு மூலையில் பூஞ்சணம் வரும். முழுச் செங்கல் சுவருக்குச் செலவு கூடத்தான், அதற்கு அரசாங்கம் தாராளமாக உதவ வேண்டும் என்று நானும் சேர்ந்து கேட்கிறேன். அந்தக் கோரிக்கையோடு எம்பியிடம் போவதாக இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள்.

வாடகைக்கு வீடு தேடுபவர்கள் பார்க்கப் போகும் முன்பே ஈபிசியை வாசியுங்கள். சுவர், கூரை, எடுத்த திகதி, இந்த மூன்றும் முக்கியம். பார்க்கப் போனால் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அலுமாரிக்குப் பின்னால் ஃபோன் லைற் அடித்துப் பாருங்கள், அண்மையில் பெயின்ற் அடித்த வாசனை ஒரு மூலையில் மட்டும் வந்தால் கேளுங்கள். ஏற்கெனவே குளிர் வீட்டில் இருப்பவர்கள் எழுத்தில் முறையிடுங்கள். 2004ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டப்படி கடும் குளிர் ஒரு ஆபத்தாகக் கணிக்கப்படுகிறது, கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவு வந்து பார்க்கலாம். முறையிட்டால் எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. காரணம் சொல்லாமல் வெளியேற்ற இடம் கொடுத்த 21ஆம் பிரிவுக்கு 2026 மே 1உடன் இங்கிலாந்தில் முடிவு கட்டியிருக்கிறது சட்டம்.

ஈபிசியைத் திறந்து பார்த்து விளங்கவில்லை என்றால் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். விலாசத்தைப் பொதுவில் போட வேண்டாம். சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு நேரம் இருக்கும், ஃபோனில் இருந்தபடியே வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.