பழைய லோக்கல் ரேக்கைப் பழுது பார்த்துக் கொடுங்கள், அப்படியே தள்ளிவிடாதீர்கள்

மும்பைக்கு 238 ஏசி லோக்கல் ரேக்குகள் (ரேக் என்றால் பல பெட்டிகள் சேர்ந்த ஒரு முழு வண்டி) வாங்கும் திட்டம் வருடக்கணக்காகப் பேச்சில் இருக்கிறது. அவை வரட்டும், சீக்கிரம் வரட்டும். கதவு தானாக மூடும் வண்டி இந்த ஊருக்கு எவ்வளவு தேவை என்பதை 2025 ஜூன் 9 காலை தானே பக்கத்து மும்ப்ராவில் பார்த்தோம். ஓடும் வண்டியின் வாசலில் நின்றவர்கள் தண்டவாளத்தில் விழுந்து இறந்தார்கள். டோம்பிவிலியிலிருந்து அதே வழியாக வேலைக்குப் போகும் எனக்கு அந்த இடத்தைத் தாண்டும்போது இன்னும் வயிறு பிசைகிறது.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கேள்வி. புது ரேக் வந்ததும், இப்போது ஓடும் ரேக்குகளை என்ன செய்யப் போகிறோம்?

வெள்ளையும் ஊதாவுமாக ஓடுகிறதே சீமென்ஸ் ரேக், முக்கியமாக அதை நினைத்துத்தான் கேட்கிறேன். 2007 நவம்பரில் முதல் ரேக் ஓடத் தொடங்கியது. பெட்டி கட்டியது நம் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, மின் சாதனங்கள் சீமென்ஸ். அதற்கு முந்தைய வண்டிகளில் மே மாதத்தில் நசுங்கியவர்களுக்கு இது கொடுத்த நிம்மதி தெரியும். கூரையிலிருந்து காற்று இறங்கும். ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால் உலுக்கல் குறைவு. பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தை மேலே கம்பிக்கே திருப்பி அனுப்பும். இப்படிப்பட்ட பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுள் 25 வருடம். முதலில் வந்தவை 2032-ல் அந்தக் கணக்கைத் தொடும், பின்னால் வந்தவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதாவது முடிவெடுக்க வேண்டிய நேரம் இதுதான். பெட்டி யார்டில் போய் நின்று, மூன்று மழைக்காலம் நனைந்த பிறகு யோசித்துப் பயனில்லை.

பழைய ரேக்கை வேறு பாதைக்குக் கொடுக்கும் வாய்ப்பே முன்பு நமக்கு இல்லை. மும்பையில் 1925-லிருந்து 1500 வோல்ட் டிசி மின்சாரத்தில்தான் வண்டி ஓடியது. அது படிப்படியாக 25,000 வோல்ட் ஏசி மின்சாரத்துக்கு மாறி, 2016 ஏப்ரலில் ஹார்பர் லைனோடு முடிந்தது. டிசியில் மட்டுமே ஓடக்கூடிய பழைய ரேக்குகளை அதன் பிறகு எங்கே கொண்டு போவது? நாட்டில் வேறெங்கும் அந்த மின்சாரம் கிடையாது. சீமென்ஸ் ரேக்குகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மின்சாரத்தைப் பொறுத்தவரை 25,000 வோல்ட் கம்பி இருக்கும் அகலப் பாதை எதிலும் அவை ஓடும். இன்றைக்கு நாட்டின் அகலப் பாதையில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது.

அதனால் நான் சொல்வது இது: நல்ல நிலையில் இருக்கும் பழைய ரேக்குகளை முழுமையாகப் பழுது பார்த்து, உள்ளமைப்பை மாற்றி, மும்பையைச் சுற்றியுள்ள பாசஞ்சர் பாதைகளுக்குக் கொடுக்க வேண்டும். முதலில் வசாய் - திவா - பன்வேல் - ரோஹா. அப்புறம் விரார் - டஹாணு, பன்வேல் - கர்ஜத்.

திவா - வசாய் பாதையை எத்தனை மும்பைக்காரர்களுக்குத் தெரியும்? இரட்டைப் பாதை, மின்மயமானது. கோபர், பிவண்டி ரோடு, கார்பாவ், காமன் ரோடு, ஜுசந்திரா என்று போய் வசாய் ரோட்டில் சேரும், தூரம் 42 கிலோமீட்டர் அளவுதான். இதில் நாள் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய மெமு (நகரத்துக்கு வெளியே ஓடும் மின்சார பாசஞ்சர்) வண்டிகள்தான் ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பதைவிட தாதர் வரை போய், வெஸ்டர்ன் லைன் பிடித்து, மறுபடி வடக்கே ஏறி வருவதே மேல் என்று ஆகிவிடுகிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். அல்லது கோட்பந்தர் ரோடு; அந்த டிராஃபிக்கைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. என் அக்கா வசாயில் இருக்கிறாள். நேர்ப்பாதையில் ஒரு மணி நேர ஊர். பொங்கலுக்குப் போய் வருவதற்கே ஒரு நாள் ஒதுக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இது பண்டிகைக் கஷ்டம்தான். பிவண்டி குடோன்களிலும் காமன் பக்கத்துப் பட்டறைகளிலும் வேலை செய்பவர்களுக்கு இது தினப்படிக் கஷ்டம். நாலாசோபாராவிலும் திவாவிலும் வாடகை குறைவு என்று குடிபோன நம் ஆட்கள் அதில் நிறைய பேர்.

ரோஹா பக்கமும் அப்படித்தான். பன்வேலுக்குக் கீழே ஆப்டா, பென், நாகோட்டணே எல்லாம் வேகமாக வளர்கிற ஊர்கள். மெமு வந்து போகும் நேரத்தைப் பார்த்துத்தான் அங்கே ஒருவர் வேலை தேட முடியும்.

சரி, "லோக்கல் ரேக்கை எடுத்து அங்கே விட்டால் போச்சு, இதற்கென்ன இவ்வளவு பேச்சு?" என்று கேட்பார்கள். அதைத்தான் செய்யக் கூடாது என்கிறேன். நகர லோக்கல் பத்து இருபது நிமிடம் நின்று போகிறவர்களுக்காகச் செய்த வண்டி. அதை நீண்ட பாதையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. மும்பை சிஎஸ்எம்டி நிலையத்திலிருந்து கசாரா 121 கிலோமீட்டர். போய்ச் சேர இரண்டரை மணி நேரம் போல ஆகும். வண்டியில் ஒரு கழிப்பறை கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மாதவிடாய் நாளில் இருக்கும் பெண்கள் எல்லாரும் ஏறுவதற்கு முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். லேடீஸ் டப்பாவில் இதைப் பற்றிப் பேசாத நாளே இல்லை. இதைப் பல ஆண்டுகளாக ஊர் சகித்துக்கொண்டிருக்கிறது என்பதாலேயே இன்னும் நாலு பாதைக்கு இதைப் பரப்புவது நியாயமாகாது.

கழிப்பறை வைப்பது பெரிய ஆராய்ச்சியும் இல்லை. மெமு பெட்டியும் லோக்கல் பெட்டியும் ஒரே அகலம், 3.66 மீட்டர். மெமுவில் கழிப்பறை இருக்கிறது, அதைக் கட்டுவதும் அதே ஐசிஎஃப். பயோ டாய்லெட் தொட்டி, தண்ணீர்த் தொட்டி இரண்டின் எடையையும் எங்கே தாங்க வைப்பது என்பது தெரிந்த வேலை. அகன்ற வாசல்களில் ஒன்றிரண்டை அடைத்தால் இடமும் கிடைக்கும், இருக்கையும் கூடும்.

இருக்கைக்கு முதுகு வேண்டும். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போவது குர்லா வரை தாங்கும், ரோஹா வரை தாங்காது. மால் டப்பாவை (சாமான் ஏற்றும் பெட்டியை) மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். கீரைக் கட்டும் மீன் கூடையும் பூ மூட்டையும் தூக்கி வருகிறவர்களின் பிழைப்பு அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அழகான உள்ளமைப்பு என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். பெண்கள் பெட்டியில் விளக்கும் கேமராவும் வேலை செய்ய வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் நகரத்துக்கு வெளியே போகும் வண்டியில் பெட்டி காலியாகிவிடும். நகர லோக்கலில் நெரிசல்தான் பயம், அங்கே ஆளில்லாததுதான் பயம்.

இதையெல்லாம் எங்கே செய்வது? மாட்டுங்கா வொர்க்‌ஷாப் இருக்கிறது. 1915-ல் ஜிஐபி ரயில்வே (இன்றைய மத்திய ரயில்வேயின் முன்னோடி) தொடங்கியது, இன்றும் லோக்கல் பெட்டிகளுக்கு பிஓஎச் என்ற முழுப் பராமரிப்பு நடக்கும் இடம். மேற்கு ரயில்வேக்கு மகாலட்சுமியில் ஒன்று. போபாலில் பாதி ஆயுள் முடிந்த பெட்டிகளைப் புதுப்பிப்பதற்கென்றே 1989-ல் தொடங்கிய தொழிற்சாலை இருக்கிறது. மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அந்த வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர் ஒருவராவது இருப்பார். அப்படி ஓய்வு பெற்ற திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "பெட்டியோட வயச பெயின்ட்ல பாக்கக் கூடாதும்மா. வாசலுக்கு அடியில, தண்ணி தேங்குற மூலையில சுத்தியல வச்சுத் தட்டணும். அங்க இரும்பு கெட்டியா இருந்துச்சுன்னா மத்ததெல்லாம் மாத்திக்கலாம்" என்றார். எக்ஸ்பிரஸ் பெட்டிகளில் துரு முதலில் பிடிப்பது வாசலுக்கும் கழிப்பறைக்கும் கீழே உள்ள தளத்திலும் ஓரச் சட்டத்திலும்தான் என்று விளக்கினார். மும்பை மழைக்கும் உப்புக் காற்றுக்கும் ஓடிய வண்டி. ஆகவே பெட்டி பெட்டியாகத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ரேக் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது.

அண்ணாச்சி சொன்ன இன்னொன்று எனக்கு உறைத்தது. இரும்பைவிட எலெக்ட்ரானிக்ஸ் சீக்கிரம் கிழடாகிவிடும். 2007-ல் வந்த கன்வெர்ட்டருக்கான (கம்பி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) கார்டு 2035-ல் யார் செய்து கொடுப்பார்கள்? இதற்கு இரண்டு வழி தெரிகிறது. சில ரேக்குகளை ஓட்டாமல் உதிரி பாகத்துக்கென்றே பிரித்து வைப்பது. அல்லது மின் சாதனத்தையே மாற்றுவது. ஹைதராபாத் மேதா நிறுவனம் மும்பை லோக்கலுக்கே மூன்று ஃபேஸ் சாதனம் கொடுத்திருக்கிறது, ஆக அது நடக்காத காரியம் அல்ல. செலவு கூடும்தான். அந்தச் செலவு புது மெமு விலையை நெருங்கினால் நானே புது மெமு வாங்கச் சொல்வேன். அந்தக் கணக்கைப் போட்டு வெளியே சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இதை வெளிநாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள், வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைனில் 1980 முதல் ஓடிய டி78 ரேக்குகள் 2017-ல் ஓய்வு பெற்றன. விவாரயில் என்ற நிறுவனம் அவற்றை வாங்கியது. அலுமினியப் பெட்டி துருப்பிடிக்காமல் நன்றாக இருந்ததால் அதை வைத்துக்கொண்டு, அடியில் டீசல் எஞ்சின் பொருத்தி, கழிப்பறை கட்டி, 2019-ல் பெட்ஃபோர்டுக்கும் பிளெட்ச்லிக்கும் நடுவே உள்ள சின்னப் பாதையில் ஓடவிட்டார்கள். 2022 கடைசியில் நிறுவனம் நொடித்தது. பராமரிக்க ஆளில்லாமல் வண்டி நின்று, கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தப் பாதையில் மக்கள் பஸ்ஸில் போனார்கள். அதே டி78 பெட்டிகளை மின்சார வண்டியாகவே வைத்து இங்கிலாந்தின் வைட் தீவுக்குக் கொடுத்தவை ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தீவில் அதற்கு முன்னால் ஓடியது 1938-ல் லண்டன் சுரங்க ரயிலுக்காகச் செய்த வண்டி. அதை 2021 ஜனவரி வரை ஓட்டினார்கள். ஜகார்த்தா 2000-த்தில் டோக்கியோவின் பழைய வண்டிகளை வாங்கத் தொடங்கி, நகரத்தின் லோக்கல் சேவையையே அவற்றின் மேல் வளர்த்தது. 2023-ல் அவர்கள் அரசு இனி பழையது வேண்டாம் என்று நிறுத்தியது.

விவாரயில் கதையில் நான் கவனிப்பது பெட்டியை அல்ல, பொறுப்பை. தனியார் ஒருவர் மாற்றிக் கொடுத்து, அவர் போனதும் சேவையும் போனது. நமக்கு வொர்க்‌ஷாப்பும் கார்ஷெட்டும் ஆட்களும் ரயில்வேயிடமே இருக்கின்றன. அதை வெளியே கொடுக்காமல் உள்ளேயே செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நாசிக்குக்கும் புனேக்கும் இந்த ரேக்கை விடலாமே என்று சிலர் எழுதுகிறார்கள். கசாராவுக்கு மேலேயும் கர்ஜத்துக்கு மேலேயும் ஏற்றம் 37-க்கு 1, அதாவது 37 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற வேண்டும். பெரிய எக்ஸ்பிரஸ்களுக்கே பின்னால் பேங்கர் எஞ்சின் சேர்த்துத் தள்ளுகிறார்கள். நகரத்துக்காகச் செய்த பழைய வண்டியை அந்த மலையில் ஏற்றி இறக்கும் பேச்சே இப்போது வேண்டாம். சமதளத்தில் செய்ய வேண்டியதே எவ்வளவோ இருக்கிறது.

பழைய வண்டி என்றால் கட்டணமும் பழையபடி இருக்க வேண்டும். கோவிட் காலத்தில் பாசஞ்சர்களை ஸ்பெஷல், எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கியதும், அது 2024-ல்தான் திரும்ப 10-க்கு இறங்கியதும் நினைவிருக்கும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த 20 ரூபாய் ஒரு வேளை டிபன். புதுப்பித்த பெட்டிக்குப் புதுப் பெயர் சூட்டிக் கட்டணத்தை ஏற்றினால் இந்த முயற்சியே யாருக்காக என்று கேட்க வேண்டி வரும்.

கடைசியாக, பெட்டி மட்டும் வந்தால் போதாது. வசாய் - திவா - பன்வேல் பாதை இத்தனை நாளும் நவசேவா துறைமுகத்துக் கன்டெய்னர் வண்டிகளின் பாதையாகவே இருந்திருக்கிறது. சரக்குக்கென்று கட்டும் தனி வழித்தடத்துக்கு அந்த வண்டிகள் மாறும்போது பழைய பாதையில் நேரம் காலியாகும். அந்த நேரம் யாருக்கு என்று அப்போது கேட்டால் தாமதம். காலை ஆறிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து ஒன்பது, அரை மணிக்கு ஒரு வண்டி என்று இப்போதே எழுதி வாங்க வேண்டும்.

பயணிகள் சங்கங்களில் இருக்கும் நண்பர்கள் அடுத்த ஆலோசனைக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். 2032-க்குள் எத்தனை சீமென்ஸ் ரேக் வெளியே வரும், அவற்றில் எத்தனை பெட்டியின் அடித்தளம் சோதிக்கப்பட்டிருக்கிறது, கழிப்பறையோடு மாற்ற ஒரு ரேக்குக்கு என்ன செலவாகும். வசாய், பிவண்டி, திவா, பன்வேல், பென் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் ஷிப்ட் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று கீழே எழுதுங்கள். தொகுத்து மராத்தியிலும் இந்தியிலும் மனுவாக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.