எண்ணெயை மட்டும் விட்டுவிட்டார்கள்

ஹிட்லர் ஒரு பைத்தியக்காரன், அதனால் உலகப் போர் வந்தது என்று முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பைத்தியக்காரர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆதாரம் கேட்டால் நான் போர் தொடங்கிய போலந்துக்குப் போக மாட்டேன், எத்தியோப்பியாவுக்குப் போவேன். அன்றைக்கு அதை அபிசீனியா என்பார்கள்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். 1934 ஜூலையில் ஆஸ்திரிய நாஜிகள் அந்நாட்டுச் சான்சலர் டால்ஃபஸைச் சுட்டுக் கொன்றபோது, எல்லைக்குப் படை அனுப்பி ஹிட்லரை மிரட்டியவர் யார் தெரியுமா? இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி. இருவரும் ஆரம்பத்திலேயே கூட்டாளிகள் அல்ல. ஹிட்லரை அடக்க முசோலினியைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று லண்டனும் பாரிஸும் நினைத்ததில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. அதற்கு விலையாக யாரைக் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

1935 அக்டோபர் 3. போர் அறிவிப்புகூட இல்லாமல் இத்தாலி அபிசீனியாவுக்குள் நுழைந்தது. 1896-இல் அடோவா போரில் எத்தியோப்பியர்களிடம் வாங்கிய அடிக்குப் பழி தீர்ப்பதாகப் பேச்சு. உள்ளூரில் பொருளாதார மந்தம். முசோலினிக்கு ஒரு வெற்றி அவசரமாகத் தேவைப்பட்டது. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் எத்தியோப்பியாவும் உறுப்பு நாடுதான். சங்கம் இத்தாலியைக் குற்றவாளி என்றது, நவம்பரில் பொருளாதாரத் தடையும் போட்டது. ஆயுதம் கிடையாது, கடன் கிடையாது, ரப்பர் கிடையாது. எண்ணெய்? அது பட்டியலிலேயே இல்லை! லாரியும் டாங்கியும் விமானமும் தண்ணீரிலா ஓடின? எண்ணெயை நிறுத்தினால் முசோலினி நம்மீதே பாய்வார் என்று பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் ஒரு பயம். அமெரிக்கா சங்கத்தில் இல்லை, அது விற்றுவிடும் என்று ஒரு சாக்கு. எண்ணெயையும் தடுத்திருந்தால் ஒரு வாரத்தில் பின்வாங்கியிருப்பேன் என்று முசோலினியே பின்னாளில் ஹிட்லரிடம் சொன்னதாக, ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் எழுதி வைத்திருக்கிறார்.

சரி, சூயஸ் கால்வாயையாவது மூடினார்களா? எகிப்தில் பிரிட்டிஷ் படை இருந்தது. இத்தாலியத் துருப்புக் கப்பல்கள் கட்டணம் கட்டிவிட்டு நிம்மதியாகப் போயின.

டிசம்பரில் இன்னும் கேவலம். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரெஞ்சுப் பிரதமர் லவாலும் சேர்ந்து, எத்தியோப்பியாவில் பெரும் பகுதியை இத்தாலிக்குத் தாரை வார்க்க ரகசியமாகத் திட்டம் போட்டார்கள். பத்திரிகையில் கசிந்து நாறியது. ஹோர் பதவி விலகினார். (அடுத்த ஜூனிலேயே கடற்படை அமைச்சராகத் திரும்பி வந்துவிட்டார், அது வேறு கதை.) அந்தப் பக்கம் எத்தியோப்பியர்கள் மீது இத்தாலியர்கள் விமானத்திலிருந்து மஸ்டர்ட் வாயுவைக் கொட்டினார்கள். நச்சு வாயுவைத் தொட மாட்டோம் என்று 1925-இல் ஜெனீவாவில் கையெழுத்துப் போட்ட நாடு இத்தாலி.

இதையெல்லாம் பெர்லின் வேடிக்கை பார்த்துக்கொண்டா இருந்தது? பாடம் படித்தது. 1936 மார்ச் 7 அன்று படையே இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒதுக்கியிருந்த ஜெர்மனியின் மேற்கு எல்லைப் பகுதியான ரைன்லாந்துக்குள் ஹிட்லர் படையை அனுப்பினார். அந்த எல்லைக்கு உறுதி தந்த 1925-ஆம் ஆண்டு லோகார்னோ உடன்படிக்கைப்படி இதைத் தட்டிக்கேட்க வேண்டிய உத்தரவாத நாடுகள் இரண்டு: பிரிட்டன், இத்தாலி. ஒன்றுக்கு மனமில்லை, மற்றது ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அப்புறம் எல்லாமே வேகம்தான். மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூன் 30 அன்று எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹைலே செலாசி ஜெனீவாவில் சங்கத்தின் முன் பேச எழுந்தபோது இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசிலடித்தார்கள். ஜூலையில் தடையை நீக்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ரோம்–பெர்லின் அச்சு என்ற இத்தாலி–ஜெர்மனி கூட்டு. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். 1934-இல் படை அனுப்பிய அதே முசோலினி இந்த முறை நகரவில்லை. யாரைக் கையில் வைத்துக்கொள்ள எத்தியோப்பியாவைப் பலி கொடுத்தார்களோ, அந்த ஆள் எதிர் முகாமில்!

1936 மார்ச்சில், மனைவி கமலாவைப் பறிகொடுத்துவிட்டு ரோம் வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் நேரு. முசோலினி அவரைச் சந்திக்க விரும்பினார். விடாமல் வற்புறுத்தியும் நேரு போகவில்லை. கையில் படையோ பதவியோ இல்லாதவர் அவர். சூயஸையே கையில் வைத்திருந்தவர்கள் அந்த நேரத்திலும் முசோலினியின் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த இத்தாலியர்களை விரட்ட பிரிட்டன் 1941-இல் படையெடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து இத்தாலியக் காலனியான எரித்ரியாவின் கெரென் மலைகளில் வாரக்கணக்கில் சண்டை. அங்கே ஏறிச் செத்தவர்களில் பெரும்பாலோர் லண்டன்காரர்கள் இல்லை, 4-ஆம், 5-ஆம் இந்திய டிவிஷன்களைச் சேர்ந்த நம் சிப்பாய்கள்.