பத்துக்குப் பத்து, உயரமும் பத்து

நேற்றைய லைவ் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: நீளம், அகலம், உயரம் எல்லாம் பத்தடியில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ கட்டிய தம்பி ஒருவன், அளவை மாற்றச் சொன்ன என்னை லைவில் கிண்டலடித்தான், பொறாமை என்றான். "சில அண்ணன்மார் கால்குலேட்டரை வைத்தே ஸ்டூடியோ கட்டுவாங்க" என்று சிரித்தது யாரைப் பார்த்து என்று எனக்கும் தெரியும்.

தம்பி, நான் சொன்னது ஒன்றுதான். ஜிப்சம் பலகை ஏறுவதற்கு முன்னால் அறையின் அளவை முடிவு செய். ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி ஓடும். பத்தடி இடைவெளிச் சுவர்களுக்குள் அது 56 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 56 அதிர்வுள்ள பாஸ் எனும் அடிச்சத்தத்தில், முட்டி நிற்கும்: சுவரோரம் பெருக்கும், நடுவில் காணாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்றும் அதே 56-இல் வந்து குவியும். அதன் இரட்டிப்பான 113-லும் அதே குவியல்தான். உயரம் 10, அகலம் 11.4, நீளம் 13.9 என்று வைத்தால் 56, 50, 41 எனப் பிரிந்துவிடும். ஒலியியல் ஆய்வாளர் செப்மேயர் 1965-லேயே கொடுத்த விகிதம். ஆமாம், கால்குலேட்டர் தேவைப்பட்டது. மன்னிக்கணும்.

பொறாமையாம் எனக்கு! கேஎல் (கோலாலம்பூர்) செந்தூலில் என் முதல் அறையே பத்துக்குப் பத்துதான். உருமி மேளக் குழு ஒன்று வந்தது. நடுவில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்தால் அடிச்சத்தமே காணோம். ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். சுவரோரம் நின்ற உருமிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கணும். குழுத்தலைவர் காரில் போட்டுக் கேட்டபோது கதவெல்லாம் கடகடத்தது. "என்னாங்க, லாரி போற மாதிரி இருக்கு?" வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

இதற்குத் தம்பி சொல்லும் பதில்கள்: "சுவரில் ஃபோம் ஒட்டியிருக்கோம்லா." ஒட்டுங்கள். 56 ஹெர்ட்ஸின் அலை இருபதடி நீளம். இரண்டங்குல ஃபோம் அதை என்ன செய்யும்? "ஈக்யூவில் சரிபண்ணலாம்." ஈக்யூ என்பது ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் கருவி. ஒன்றையொன்று அடித்துப் போன சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் வராது, ஸ்பீக்கர்தான் திணறும். "படுக்கையறையில் பாடியே ஹிட் ஆச்சு." வாழ்த்துகள்.

இடமில்லை, வாடகை கட்டுப்படியாகவில்லை என்பவர்களிடம் எனக்குக் கோபமே இல்லை. கேஎல் கடைவீட்டு மாடியில் கிடைப்பதுதான் கிடைக்கும். விகிதம் மந்திரமுமில்லை, சின்ன அறை என்றால் மூலைகளில் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சை எப்படியும் அடைக்கணும். ஆனால் இவனுக்கு இடம் இருந்ததே! பின்னால் நாலடி சும்மா கிடந்தது. ஸ்டோராம். பழைய பெட்டி அடுக்க.

அவனுக்குக் கேபிள் சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை இது. அதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது, சொல்லவில்லை.

அன்று உன் இடத்தை அளக்கக் கொண்டுவந்த டேப்பை அங்கேயே விட்டுவிட்டேன். அதையாவது கொடுத்தனுப்பு.