"தீர்க்காதிருங்கள்" என்று நாம் யாரிடம் சொல்கிறோம்?

"மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று இயேசு சொன்ன வசனம் (மத்தேயு 7:1) நம் சபைகளில் எப்போதெல்லாம் எடுக்கப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். கணவனைப் பிரிந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றி ஆராதனை முடிந்து நாலு பேர் நின்று பேசும்போது அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. குழந்தை இல்லாத தம்பதியிடம் "குடும்பத்தில் ஏதாவது சாபம் இருக்கும், யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லும்போது வருவதில்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரிடம் "விசுவாசம் குறைவு" என்று சொல்லும்போதும் வருவதில்லை. ஆனால் காணிக்கைப் பணம் எப்படிச் செலவானது என்று ஒருவர் கேட்கட்டும். ஊழியர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று ஒரு பெண் சொல்லட்டும். உடனே வந்துவிடும்: "தீர்ப்பு செய்ய நாம் யார்? கர்த்தர் பார்த்துக்கொள்வார்."

இது என்னை ரொம்ப நாளாக வருத்திக்கொண்டிருக்கிறது. நாம் அந்த வசனத்தை மறந்துவிடவில்லை. ஆள் பார்த்துப் பயன்படுத்துகிறோம்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏலிதான் ஞாபகத்துக்கு வருகிறார். சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் சீலோவில் இருந்த கர்த்தருடைய ஆலயத்தில் ஆசாரியராக இருந்தவர். அன்னாள் அங்கே வருகிறாள். பிள்ளை இல்லை. வீட்டில் கணவனின் இன்னொரு மனைவி பெனின்னாள் அவளைக் குத்திக்குத்திப் பேசுகிறாள். வருஷா வருஷம் இதே கதை. சாப்பிட மனமில்லாமல் அழுதுவிட்டு எழுந்து போய் ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஏலி அவள் வாயைக் கவனித்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வருகிறார்: குடித்திருக்கிறாள். "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்? உன் குடியை உன்னைவிட்டு விலக்கு" என்கிறார்.

ஏலி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் பார்த்தது உண்மை. உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. அதற்கு அவர் கொடுத்த அர்த்தம்தான் தப்பு. நாம் செய்யும் பெரும்பாலான தீர்ப்புகளும் இப்படித்தான் இருக்கின்றன. கண்ணில் பட்டது ஒரு துளி, மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். "அவங்க ஆராதனைக்கு வர்றதில்லை" என்பது பார்த்தது. "பின்மாற்றத்தில் போய்ட்டாங்க", அதாவது விசுவாசத்தை விட்டு விலகிட்டாங்க, என்பது நாம் நிரப்பியது. வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல் இருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்னாள் பதில் சொல்கிறாள்: "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ... நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்." ஏலியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைக் கேட்டதும் அவர் தன் பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. "சமாதானத்துடனே போ" என்று சொல்லி ஆசீர்வதிக்கிறார். அந்த அளவுக்குக்கூட இறங்கி வராதவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்த அதிகாரத்தில் அதே ஏலியின் வீட்டுக்குள் நுழைகிறோம். அவர் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்கள். ஜனங்கள் கொண்டுவரும் பலி இறைச்சியை வேலைக்காரனை விட்டு, கொடுக்காவிட்டால் பலவந்தமாக எடுப்போம் என்று மிரட்டி வாங்குகிறார்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் வரும் பெண்களிடம் முறைகேடாக நடக்கிறார்கள். ஏலிக்கு எல்லாம் தெரியும். கூப்பிட்டுக் கண்டித்தும் பேசுகிறார். ஆனால் பேச்சோடு சரி. அவர்கள் பதவியில் அப்படியே இருக்கிறார்கள். கடைசியில் தேவன் ஏலியின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு, மகன்கள் செய்ததை அறிந்திருந்தும் அவர்களை அடக்கவில்லை என்பது. அதற்கு முன்பே ஒரு தேவமனுஷன் மூலமாக இன்னும் கூர்மையாகக் கேட்கிறார்: "என்னைப்பார்க்கிலும் உன் குமாரரை நீ மதிப்பானேன்?"

அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தீர்ப்பு. பெண்களைக் கெடுத்த மகன்களிடம் இத்தனை பொறுமை. இரண்டும் ஒரே மனிதர். இன்றைக்கு நம் சபைகளின் நோய் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் இன்னொரு வசனத்தையும் எடுப்பார்கள்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." ஊழியக்காரரைக் கேள்வி கேட்டால் தேவ கோபம் வரும் என்று பயமுறுத்த இதைவிட வசதியான வசனம் கிடையாது. 105ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். அங்கே அபிஷேகம் பண்ணப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். கொஞ்சப் பேர், சொந்த நிலம் இல்லாதவர்கள், ஒரு ராஜ்யத்தை விட்டு இன்னொரு ராஜ்யத்துக்கு அலைந்து திரிந்தவர்கள். அவர்களுக்கு யாரும் தீங்கு செய்துவிடாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டு சொன்ன வார்த்தை அது. அதிகாரம் இல்லாதவனைக் காப்பாற்றச் சொன்னதை அதிகாரத்தில் இருப்பவனைக் காப்பாற்ற எடுக்கிறோம். இதை வேத வசனத்துக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

சரி, அப்படியானால் தீர்ப்பைத் தேவனிடம் விடுவது என்றால் என்ன?

மத்தேயு 7ஆம் அதிகாரத்தை முதல் வசனத்தோடு மூடிவிடக் கூடாது. ஐந்தாம் வசனத்தில் இயேசு, முதலில் உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பை எடுக்கலாம் என்கிறார். துரும்பு எடுக்கப்பட வேண்டியதுதான். அதே அதிகாரத்தில் கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள், கனிகளால் அவர்களை அறிவீர்கள் என்றும் சொல்கிறார். நடந்தது சரியா தப்பா என்று பார்க்கிற கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. அந்தக் கண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி.

அப்போஸ்தலன் பவுலிடம் இந்த எல்லை தெளிவாக இருக்கிறது. கொரிந்து சபையில் ஒருவன் தகப்பனுடைய மனைவியோடு வாழ்கிறான், சபை அதைச் சகித்துக்கொண்டிருக்கிறது. அவனை உங்களை விட்டு விலக்குங்கள் என்று எழுதுகிறார். மூப்பர்களைப் பற்றி தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்ளாதே என்கிறார். அதோடு நிற்பவர்கள் அடுத்த வசனத்தையும் படிக்க வேண்டும்: பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள். அதற்கும் அடுத்த வசனத்தில், பட்சபாதத்தோடு எதையும் செய்யாதே. இதே பவுல்தான், தண்டனை பெற்ற ஒருவரைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்கிறார். செய்கைக்கு நடவடிக்கை உண்டு. ஆள் அத்தோடு முடிந்தான் என்று அவர் எழுதுவதில்லை.

குற்றம் என்றால் அதை விசாரிக்க வேண்டும். சட்டத்துக்குப் போக வேண்டியது என்றால் போக வேண்டும். ஒரு பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு "சபையின் பெயர் கெட்டுவிடும், ஜெபிப்போம்" என்று உட்கார்ந்திருப்பவர்கள் தீர்ப்பைத் தேவனிடம் விடவில்லை. அந்தப் பிள்ளையைத்தான் கைவிட்டிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் தன் உள்ளத்துக்குள் பழிவாங்கும் எண்ணத்தைத் தேவனிடம் ஒப்புக்கொடுப்பது அவருக்கும் தேவனுக்கும் நடுவில் நடப்பது. அதற்கு வருஷங்கள் ஆகலாம். வேறொருவர் வந்து "விட்டுக்கொடு, மன்னித்துவிடு" என்று அவசரப்படுத்த அதில் இடமே இல்லை.

நம் கையில் கொடுக்கப்படாதது வேறு. ஒருவருடைய உள்நோக்கம் என்ன, தேவன் அவரை என்னவென்று பார்க்கிறார், அவர் முடிவு எங்கே என்பதெல்லாம் நமக்குச் சொந்தமில்லை. "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்று ரோமர் 14இல் பவுல் கேட்பது இங்கேதான். அந்த அதிகாரத்தில் சண்டை எதைப் பற்றி என்று பாருங்கள். என்ன சாப்பிடலாம், எந்த நாளை விசேஷமாக எண்ணலாம் என்பதைப் பற்றி. நாம் ஒருவரை ஒருவர் தள்ளிவைக்கும் காரணங்கள் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

தேவனே தீர்ப்புச் செய்வதற்கு முன் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் யோசிக்க வேண்டியது. பாவத்தில் மூழ்கிய சோதோம் நகரத்தின் கூக்குரல் அவரிடம் எட்டியபோது, நான் இறங்கிப்போய், அது உண்மையா இல்லையா என்று பார்த்து அறிவேன் என்கிறார். எல்லாம் அறிந்தவர் இறங்கிப் போய்ப் பார்க்கிறார். நமக்கு ஒரு செய்தி கைப்பேசியில் வந்தால் போதும், அடுத்தவருக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபத்தை அடக்க முடிவதில்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஒருவரின் வீட்டில் போய் நின்றுகொண்டு, அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்று பேசுகிறவர்கள். பெற்ற தாயின் காதில் விழும்படியே பேசுகிறார்கள். இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல் தன் பட்டயத்தின் மேல் விழுந்து செத்தான். அவனுடைய உடலைப் பெலிஸ்தர் பெத்சான் அலங்கத்தில் தொங்கவிட்டார்கள். யாபேஸ் ஊரார் இரவு முழுவதும் நடந்து போய் அதை இறக்கிக் கொண்டுவந்து அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். சவுலால் வருஷக்கணக்கில் வேட்டையாடப்பட்ட தாவீது என்ன செய்தான்? துணியைக் கிழித்துக்கொண்டு அழுதான், புலம்பல் பாடினான், சவுலை அடக்கம் செய்தவர்களை ஆசீர்வதித்து ஆள் அனுப்பினான். சவுலின் மறுமையைப் பற்றி தாவீதின் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. சொல்ல உரிமை இருந்தது என்றால் அவனுக்குத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

துக்க வீட்டில் "அவன் இப்போது எங்கே இருப்பான்?" என்று ஒரு தாய் கேட்டால், தெரியாது என்று சொல்லலாம். அவனைப் படைத்தவர் நம்மைவிட அவனை நேசித்தவர் என்றும் சொல்லலாம். சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த கள்ளனுக்குக் கடைசி நேரத்தில் இயேசு பரதீசை வாக்களித்தது நமக்குத் தெரிய வந்தது லூக்கா எழுதி வைத்ததால்தான். எழுதப்படாத கடைசி நேரங்கள் எத்தனை இருக்கும்?

கொரிந்தியருக்கு எழுதும் முதல் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் பவுல், காலத்துக்கு முன்னே தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறார்: கர்த்தர் வரும்போது இருளில் மறைந்திருக்கிறவைகளை வெளியரங்கமாக்குவார், இருதயங்களின் யோசனைகளையும் வெளிப்படுத்துவார். மறைந்திருப்பது வெளியே வரும் என்றதும் நம் மனம் உடனே பாவப் பட்டியலைத்தான் எதிர்பார்க்கிறது. பவுல் அந்த வாக்கியத்தை முடிப்பது இப்படி: "அப்பொழுது அவனவனுக்குரிய புகழ்ச்சி தேவனால் உண்டாகும்."

நாம் தள்ளிவைத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த நாளில் புகழ்ச்சி கிடைக்கப் போகிறதோ.